ஒரு சோடி முயல்

(நூற்றாண்டு விழாவையொட்டிப் பழைய மாணவிகள் சங்கம் திருநெல்வேலியில் நடத்திய ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் அக்கா என்னைத் தொலைபேசியில் அழைத்தபோது, "நீர் டொக்டர்தானே, சீனி வருத்தம், பிறஷர் பற்றி ஒரு இருபது நிமிடம் கதையும்" என்றார். நானும் ஓம் என்றேன். பிறகு யோசித்துப் பார்த்து, வேறொன்று பேசலாமா என்று கேட்டேன். "என்ன?" என்றார். "முயல்" என்றேன். சற்று நேரம் சத்தமில்லை. தொலைபேசி துண்டிக்கப்பட்டதோ என்று நினைத்தேன். பிறகு, "சரி, பழைய மாணவி, என்னவாவது கதையும்" என்றார். அவருக்கு என் நன்றி. சீனி வருத்தத்துக்காக வந்த அக்காமாருக்கு ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன்: சோற்றைக் குறையுங்கோ, பின்னேரத்தில் நடவுங்கோ, மருந்தை நீங்களாக நிறுத்தாதேங்கோ.

நான் வசிப்பது லண்டனில், ஹரோ பகுதியில். 2022 ஆம் ஆண்டு என் மகளுக்குப் பதினொரு வயது. நாய் வேண்டும் என்று இரண்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். நானும் கணவரும் வேலைக்குப் போகிறவர்கள், பகல் முழுக்க நாயைத் தனியே விட முடியாது என்று மறுத்துக்கொண்டே வந்தோம். ஒருநாள், "அப்படியென்றால் முயல்" என்றாள். கடையில் வாங்கக் கூடாது, காப்பகத்திலிருந்துதான் எடுக்க வேண்டும் என்றும் அவளே தீர்மானித்துவிட்டாள். பள்ளிக்கூடத்தில் யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

இங்கிலாந்தில் விலங்குகளுக்கான காப்பகங்கள் பழையவை. ஆர்.எஸ்.பி.சி.ஏ. என்று சொல்லப்படும் சங்கம் 1824 இல் லண்டனில் ஒரு கோப்பிக் கடையில் கூடிய சிலரால் தொடங்கப்பட்டது. அப்போது அவர்கள் கவலைப்பட்டது வண்டிக் குதிரைகளையும் இறைச்சிக்குக் கொண்டுபோகும் மாடுகளையும் பற்றி. இன்று நாயும் பூனையும்தான் அதிகம் என்றாலும் முயலுக்கும் தனிப் பகுதி உண்டு. கொரோனா முடக்கத்தில் பிள்ளைகளுக்குப் பொழுதுபோக்குக்காக வாங்கிய முயல்கள் பல, வீட்டுக்காரர் திரும்பவும் வேலைக்குப் போகத் தொடங்கியதும் இப்படியான இடங்களுக்கு வந்து சேர்ந்தன.

அம்மாவிடம் சொன்னபோது, "முயலைத் தத்தெடுக்கிறதோ? இங்கை ஆரிட்டைக் கேட்டாலும் சும்மா தருவினம்" என்று சிரித்தார்.

நாங்கள் போன காப்பகத்தில் ஒவ்வொரு அடைப்பின் முன்னும் ஒரு அட்டை தொங்கியது. பெயர், வயது, என்ன பிடிக்கும், எதற்குப் பயம், எல்லாம் எழுதியிருந்தார்கள். என் மகள் ஒரு வெள்ளை முயலின் முன்னால் இருந்துவிட்டாள். அதோடு ஒட்டிக்கொண்டு ஒரு செம்மண் நிற முயல். அதற்கு வயது கூட. ஒரு கண் நோயினால் எடுக்கப்பட்டிருந்தது. அட்டையின் கீழே சிவப்பு மையில், "இருவரும் சோடி. ஒன்றாக மட்டுமே கொடுக்கப்படும்" என்று இருந்தது.

நான் கணக்குப் பார்க்கிற ஆள். வயதான, ஒற்றைக் கண் முயல். மிருக வைத்தியரின் கட்டணம் இங்கிலாந்தில் எவ்வளவு என்று அங்கிருக்கிற தோழிகளுக்குத் தெரியும். அங்கே வேலை செய்த இளம் பெண்ணிடம், "வெள்ளையை மட்டும் தர முடியாதா?" என்று கேட்டேன். மரியாதையாகத்தான் கேட்டேன். அவளும் மரியாதையாகத்தான், "இல்லை, பிரித்தால் இரண்டும் சாப்பிடாமல் விட்டுவிடலாம். அந்த ஆபத்தை நாங்கள் எடுப்பதில்லை" என்றாள்.

அதே கேள்வியை நான் இருபத்தேழு வருடத்துக்கு முன்னும் ஒருமுறை கேட்டிருக்கிறேன். இந்த மண்டபத்திலிருந்து அரை மைல்கூட இல்லாத ஒரு வளவில் வைத்து. அதைச் சொல்லத்தான் இன்று வந்தேன். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

எங்கள் வீடு பாற்பண்ணைப் பக்கம். கிணற்றடியில் ஒரு மாமரம், அதன் கீழே அப்பா கம்பி வலையால் அடித்த கூடு. அப்பாவோடு வேலை செய்த ஒருவர் ஒரு சோடி முயல் தந்திருந்தார். வெள்ளைக்குப் பஞ்சு, மண்ணிறத்துக்குப் பனங்கட்டி என்று பெயர் வைத்தேன். குட்டி போடும், விற்கலாம் என்று அப்பா ஒரு வருடம் காத்திருந்தார். பிறகுதான் தெரிந்தது இரண்டும் பெண். சகோதரிகள். பாடசாலைக்குப் போகுமுன் முள்முருக்கம் இலையும் புல்லும் போட்டுவிட்டு வருவது என் வேலை. என்னோடு படித்தவர்களில் சிலர் அந்தக் கூட்டைப் பார்த்திருக்கிறீர்கள், கட்டாயம் ஞாபகம் இருக்கும்.

1995 ஒக்ரோபர் 30. பின்வரிசைத் தங்கைமாருக்கு அது புத்தகத்தில் ஒரு திகதி. எங்களுக்கு அது ஒரு பின்னேரம். ஒலிபெருக்கியில் அறிவித்தல் வந்தது, வலிகாமம் முழுவதும் வெளிக்கிட வேண்டும் என்று. மழை. அப்பாவின் சைக்கிள் கரியரில் அம்மம்மா. அம்மாவின் சைக்கிளில் பானை, அரிசி, பாய். எனக்கு என் புத்தகப்பை. டிசெம்பரில் சாதாரணதரப் பரீட்சை. நடக்குமா நடக்காதா என்று யாருக்கும் தெரியாது. ஆனால் புத்தகத்தை விட்டுவிட்டு வா என்று எங்கள் வீட்டில் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். இந்தப் பாடசாலையில் படித்த எவரின் வீட்டிலும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

நான் அப்பாவிடம் கேட்டேன், "ஒண்டை மட்டும் கொண்டு வரட்டோ?" அப்பா நேரத்தைப் பார்த்தார். "ஒண்டைக் கொண்டு வா. மற்றதுக்குக் கூட்டைத் திறந்து விடு, பிழைச்சுக்கொள்ளும்."

கணிதப் புத்தகம், விஞ்ஞானப் புத்தகம், மூன்று கொப்பி. அவற்றின் மேல் ஒரு துவாய், துவாயின் மேல் பஞ்சு. புத்தகங்களை மேசையில் வைத்துவிட்டு வந்திருந்தால் பனங்கட்டிக்கும் பையில் இடம் இருந்தது. அன்றைக்கே எனக்கு அது தெரிந்திருந்தது. பிறகு யோசித்துக் கண்டுபிடித்ததல்ல.

நல்லூர், செம்மணி, நாவற்குழிப் பாலம். சைக்கிளில் அரை மணித்தியாலத் தூரம், விடிய விடிய நடந்தோம். அனுபவித்தவர்களுக்கு நான் விபரிக்கத் தேவையில்லை. மீசாலையில் தூரத்து உறவினர் ஒருவரின் முற்றத்தில் கிடுகு சாய்த்து இருந்தோம். ஐந்து குடும்பம்.

மூன்றாம் நாள் பஞ்சு சாப்பிடுவதை நிறுத்தியது. பிழுக்கை போடுவதும் நின்றது. நான் பாணைத் தண்ணீரில் ஊறவைத்துக் கொடுத்தேன். அதுதான் இருந்தது. அம்மம்மாவுக்கு வழியில் கால் வெட்டுப்பட்டுப் புண் பழுத்திருந்தது. பொருளாதாரத் தடைக் காலம், மருந்து கிடைப்பதே அபூர்வம். எங்கோ அலைந்து அப்பா அமொக்சிலின் கப்சூல் கொஞ்சம் வாங்கி வந்திருந்தார். எண்ணிவைத்துக் கொடுக்கும் மருந்து. நான் அதில் இரண்டைக் களவெடுத்தேன். கோதைப் பிரித்து, சீனித் தண்ணீரில் கரைத்து, இரண்டு நாள் பஞ்சின் வாயில் துளித்துளியாக விட்டேன். டொக்டராக வரப்போகிறவள் என்று வீட்டில் எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள் அல்லவா, அந்த எண்ணம்.

அதற்கு வயிற்றோட்டம் தொடங்கியது. பிறகு ஒருநாள் விடிய எழும்பிப் பார்த்தபோது விறைத்துக் கிடந்தது. தென்னைக்குக் கீழே தாட்டேன். "சோடியைப் பிரிச்சால் இப்பிடித்தான் பிள்ளை" என்றார் அம்மம்மா. கப்சூல் குறைந்தது அவருக்குத் தெரியுமோ தெரியாது. அவரின் கால் மாறிவிட்டது. மாறாதிருந்தால் இன்று இந்த மேடையில் இதைச் சொல்லும் துணிவு எனக்கு வந்திராது.

1996 மே மாதம் வீட்டுக்குத் திரும்பினோம். ஓடு கொஞ்சம் போயிருந்தது, மாமரம் இருந்தது, கூடு திறந்தபடி இருந்தது. எங்கும் போகாமல் தங்கிவிட்ட பக்கத்து வளவுக் கிழவர் சொன்னார், "உங்கடை மண்ணிற முயல் கன நாள் இங்கைதான் திரிஞ்சது. இரவிலை தானாய்க் கூட்டுக்குள்ளை போய் இருக்கும். பிறகு காணேல்லை."

பிழைத்துக்கொள்ளும் என்று அப்பா சொன்னதில் ஒரு தவறு இருந்தது. அவரைக் குறை சொல்லவில்லை, தமிழில் இரண்டுக்கும் ஒரே பெயர் இருப்பதால் வருகிற தவறு. எங்கள் வன்னிக் காட்டில் ஓடுவதும் முயல்தான், கூட்டில் வளர்ப்பதும் முயல்தான். ஆனால் இரண்டும் வேறு இனம். ஒன்றோடு ஒன்று சேர்ந்து குட்டி போடவும் முடியாது. காட்டு முயலின் குட்டி பிறக்கும்போதே கண் திறந்து, மயிரோடு பிறக்கும். வளர்ப்பு முயலின் குட்டி கண் மூடி, வெறுந்தோலோடு வளைக்குள் பிறக்கும். வளர்ப்பு முயலின் மூதாதை ஸ்பெயின், போர்த்துக்கல் பக்கத்து மண்ணில் வளை தோண்டிக் கூட்டமாக வாழ்ந்தது. தனியே வாழ அதற்குத் தெரியாது. எங்கள் வெயிலும் அதற்கு ஆகாது. திறந்துவிட்ட வளர்ப்பு முயல் சுதந்திரமாகப் போய்விட்டது என்று நினைப்பது நமக்கு ஆறுதல், அவ்வளவுதான்.

சரி, லண்டனுக்குத் திரும்புகிறேன். அந்தப் பெண் மறுத்ததும் நான் பேசாமல் நின்றேன். என் மகள் என் முகத்தைப் பார்த்து, காசுதான் பிரச்சினை என்று நினைத்துக்கொண்டு, தன் பிறந்தநாட் காசைத் தருவதாகச் சொன்னாள். இரண்டையும் எடுப்போம் என்றேன்.

எடுப்பது அவ்வளவு சுலபமல்ல. படிவம் நிரப்ப வேண்டும். வீட்டில் யார் யார், ஒருநாளில் எவ்வளவு நேரம் செலவிடுவீர்கள், விடுமுறைக்குப் போனால் யார் பார்ப்பார்கள், பிள்ளைக்கு ஆர்வம் குறைந்தால் யார் பொறுப்பு. என் கணவர் வாசித்துவிட்டு, "அசைலம் கேட்டபோதுகூட என்னை இவ்வளவு கேள்வி கேட்கேல்லை" என்றார். பிறகு ஒருவர் வீட்டுக்கு வந்து அளவுநாடாவோடு பின்வளவை அளந்தார். ஒரு சோடி முயலுக்கு ஆகக் குறைந்தது 3 மீற்றர் நீளம், 2 மீற்றர் அகலம், 1 மீற்றர் உயரம் வேண்டும். எந்நேரமும் அந்த இடம் திறந்திருக்க வேண்டும். மாமரத்தின் கீழ் அப்பா அடித்த கூட்டை மனதுக்குள் அளந்து பார்த்தேன். இரண்டும் ஒருசேர நீட்டி நிமிர்ந்து படுக்கவே இடம் போதாது.

வெள்ளைக்குப் புட்டு, செம்மண் நிறத்துக்குச் சம்பல். மகள் வைத்த பெயர்கள்தான். வெள்ளைக்கார மிருக வைத்தியர் பதிவேட்டில் எழுத்துக்கூட்டி எழுதுவதைப் பார்க்க வேண்டும் நீங்கள்.

சோடி என்றால் ஒரு கூட்டில் போட்ட எந்த இரண்டும் அல்ல என்பதை அவர்களிடம்தான் கற்றேன். அறிமுகமில்லாத இரண்டு முயலைச் சேர்த்துவிட்டால் கடித்துக் குதறும். முதலில் இரண்டுக்கும் கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்ய வேண்டும். பெண் முயலுக்கு அது குட்டிக்காக மட்டுமல்ல. செய்யாமல் விட்டால் வயது போகப் போகக் கருப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு மிக அதிகம். பெண் வைத்தியராக அதைக் கேட்டபோது ஏதோ ஒரு நெருக்கம் தோன்றியது. பிறகு நடுவில் கம்பித் தடுப்பு வைத்து, ஒன்றின் மணம் மற்றதற்குப் பழகவிட்டு, இரண்டுக்கும் சொந்தமில்லாத ஒரு இடத்தில் கொஞ்சம் கொஞ்சமாகச் சந்திக்க வைக்க வேண்டும். நாட்களும் ஆகலாம், மாதங்களும் ஆகலாம். ஒன்று தலையைத் தாழ்த்த, மற்றது அதன் நெற்றியை நக்கிவிடத் தொடங்கினால் காரியம் நடக்கிறது என்று அர்த்தம். எங்கள் கலியாணப் பேச்சுகளைவிட நிதானமான முறை.

அப்படிச் சேர்ந்தபின் ஒரு நாள்கூடப் பிரிக்கக் கூடாது. ஒன்றுக்கு வருத்தம் என்றாலும் வைத்தியரிடம் இரண்டையும் கொண்டுபோக வேண்டும். ஒன்று மட்டும் போய் வேறு மணத்தோடு திரும்பினால் மற்றது அடையாளம் காணாமல் சண்டைக்கு வரலாம்.

இரண்டாம் வருடம் ஒரு இரவு சம்பல் வைக்கோலைத் தொடவில்லை. மூலையில் குறுகி இருந்து பல்லை நறுமிக்கொண்டிருந்தது. முயல் நோவை வெளியே காட்டாது. காட்டினால் நரி பிடிக்கும், பரம்பரையாக வந்த பழக்கம். சாப்பிடாமல் விடுவதுதான் அது சொல்லும் ஒரே மொழி. அதற்கு வாந்தி எடுக்கவும் முடியாது. குடல் இடைவிடாமல் அசைந்துகொண்டிருக்க வேண்டும், அதற்கு நார் வேண்டும். அதனால்தான் உணவில் பெரும்பகுதி வைக்கோலும் புல்லும். கரட் எப்போதாவது ஒரு துண்டு. பயம், நோவு, பிரிவு, நாரில்லாத சாப்பாடு, எதனாலும் குடல் நின்றுபோகலாம். அரை நாள் சாப்பிடாவிட்டால் அவசர சிகிச்சை. விடியட்டும் என்று பார்த்திருந்தால் கை மீறிவிடும்.

இரண்டையும் ஒரு பெட்டியில் வைத்துக்கொண்டு இரவு பதினொரு மணிக்கு ஓடினோம். வைத்தியர் நோவுக்கு ஊசி போட்டார், சேலைன் ஏற்றினார், குடல் அசையவும் மருந்து கொடுத்தார். நான் சும்மா இருக்காமல், "கிருமித் தொற்றாகவும் இருக்கலாம், அமொக்சிலின் கொடுத்துப் பார்க்கலாமா?" என்று கேட்டேன். அவர் திரும்பி என்னைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணில் நிற்கிறது. "முயலுக்கு வாய்வழியாக அதை ஒருபோதும் கொடுக்கக் கூடாது, டொக்டர். கொன்றுவிடும்."

காரணத்தை விளக்கினார். முயலின் குடலில் உணவைச் செரிக்க வைக்கும் நல்ல கிருமிகளைப் பெனிசிலின் வகை மருந்துகள் அழித்துவிடுகின்றன. அந்த இடத்தில் நச்சுக் கிருமி பெருகி, வயிற்றோட்டம் வந்து, சில நாளில் இறந்துவிடும். மனிதருக்கு நான் தினமும் எழுதிக் கொடுக்கும் மருந்து. யாழ்ப்பாண மருத்துவ பீடத்தில் மருந்தியல் படித்தேன், லண்டனில் திரும்பவும் பரீட்சை எழுதினேன். முயலுக்கு என்ன செய்யும் என்று எந்த வகுப்பிலும் யாரும் சொல்லவில்லை, சொல்லவேண்டிய தேவையும் இல்லை. கணவர் கட்டணம் கட்டப் போனார். நான் காரில் போய் இருந்தேன். மீசாலை முற்றம், தென்னை, சீனித் தண்ணீர். சோடியைப் பிரித்ததால் செத்தது என்று அம்மம்மா சொன்னதை இருபத்தெட்டு வருடம் நம்பியிருந்தேன். பாதி அதுதான். மீதி என் கை.

மருத்துவத் துறை முயலுக்குப் பட்ட கடன் கொஞ்சமல்ல என்பதையும் இந்த இடத்தில் சொல்ல வேண்டும். 1885 இல் பாஸ்ச்சர், விசர்நாய் கடித்த ஒரு சிறுவனுக்குப் போட்ட முதல் தடுப்பு மருந்து, நோயேற்றிய முயல்களின் முள்ளந்தண்டு நாணை உலர்த்திச் செய்தது. 1920களின் தொடக்கத்தில் ரொறன்ரோவில் இன்சுலினைச் சுத்திகரித்தவர்கள் அதன் வலுவை முயலில்தான் பரிசோதித்தார்கள். ஆகச் சீனி வருத்தக்கார அக்காமாரே, நான் தலைப்பை விட்டு அதிகம் விலகவில்லை. 1931 இல் வந்த கர்ப்பப் பரிசோதனைக்குப் பெண்ணின் சிறுநீரை ஒரு முயலுக்கு ஊசியாக ஏற்றி, இரண்டு நாளில் அதன் வயிற்றைத் திறந்து சூலகத்தைப் பார்த்தார்கள். நம் பாட்டிமார் காலத்தில் எத்தனையோ நாட்டுப் பெண்களுக்கு நல்ல செய்தி வந்தது அந்த வழியில்தான்.

சம்பல் அந்த இரவு தப்பியது. அதன்பின் ஒரு வருடத்துக்கு மேல் இருந்தது. போன வருடம் வயது போய், வீட்டிலேயே, புட்டுக்குப் பக்கத்தில் செத்தது. காப்பகத்துப் பெண்ணுக்குத் தொலைபேசி எடுத்தேன். "உடனே எடுக்காதீர்கள். சில மணித்தியாலம் மற்றதோடு விடுங்கள். போய்விட்டது என்று அதற்குத் தெரியவேண்டும்" என்றாள். விட்டோம். புட்டு முகர்ந்து பார்த்தது. காதை நக்கிவிட்டது. தன் மூக்கால் தள்ளித் தள்ளிப் பார்த்தது. பக்கத்தில் நீண்ட நேரம் படுத்திருந்தது. பிறகு எழும்பி, தள்ளிப் போய், வைக்கோல் தின்னத் தொடங்கியது. என் மகள் அழுதாள். நான் கைகழுவப் போவதுபோலக் குசினிக்குள் போனேன்.

இங்கே முயல் வளர்க்க நினைக்கிறவர்களுக்கு இரண்டொரு சொல். பிள்ளைகள் கேட்டால் ஒன்றை மட்டும் வாங்கிக் கொடுக்காதேங்கோ. வேண்டாம் என்று யாராவது ஒரு சோடியைக் கைவிடுகிறார்கள் என்று கேள்விப்பட்டால், இரண்டையும் சேர்த்து எடுங்கோ. ஆணும் பெண்ணுமாக இருந்தால் முதலில் மிருக வைத்தியரிடம் போங்கோ. குட்டி 31 நாளில் வரும், போட்ட அன்றே அடுத்ததற்கும் தயார். நிழல், குளிர்ந்த தண்ணீர், நாள் முழுக்கப் புல். பாணும் பிஸ்கட்டும் வேண்டாம். வீட்டில் இருக்கும் மனித மருந்து எதையும் கொடுக்க வேண்டாம், இதை மட்டும் என்னிடமிருந்து எடுத்துப் போங்கோ. இயக்கச்சியில் சிவபூமி அறக்கட்டளை தெருநாய்களுக்கென ஒரு சரணாலயம் நடத்துவது உங்களுக்குத் தெரிந்திருக்கும். கைவிடப்பட்ட விலங்குக்கு ஒரு இடம் வேண்டும் என்பது இந்த மண்ணுக்குப் புதிய எண்ணமல்ல.

புட்டுவைத் தனியே விடக் கூடாது என்பதால் நான் இங்கு வெளிக்கிடுவதற்கு இரண்டு கிழமைக்கு முன் அதே காப்பகத்துக்குத் திரும்பவும் போனோம். சோடியை இழந்து நின்ற ஒரு கறுத்த ஆண் முயல் இருந்தது. இம்முறை நான் எந்தக் கேள்வியும் கேட்கவில்லை, அவர்கள்தான் கேட்டார்கள். இப்போது இரண்டும் எங்கள் வீட்டு விறாந்தையில், நடுவில் கம்பித் தடுப்போடு இருக்கின்றன. பெயர் இன்னும் முடிவாகவில்லை. மகள் "இடியப்பம்" என்கிறாள், கறுத்த முயலுக்கு அது பொருந்தாது என்று அம்மா இங்கிருந்து வாதாடுகிறார். இன்று காலை மகள் ஒரு படம் அனுப்பியிருக்கிறாள். தடுப்புக்கு இந்தப் பக்கம் புட்டு, அந்தப் பக்கம் புதியவர். இரண்டும் கம்பியோடு முதுகைச் சாய்த்துக்கொண்டு படுத்திருக்கின்றன. தேநீர் வேளையில் வாருங்கோ, காட்டுகிறேன்.